பெருக்க மரத்தின் வயது குறித்துத் தம்பி பாக்கருக்கு

தோட்ட வீடு,
திருப்புல்லாணி – கடற்கரைச் சாலை.
16 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை.

இன்று எனக்கு எழுபத்தாறு ஆண்டுகள், பதினோரு மாதங்கள், பதின்மூன்று நாட்கள். வயது என்பது தோராயமாகச் சொல்லத்தக்க பொருள் அன்று என்பதை இக்கடிதத்தின் தலையிலேயே பதிவு செய்து வைக்கிறேன்.

அன்புள்ள தம்பி பாக்கருக்கு, ராத்தா நூர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிப்பது முறை. நேற்று நண்பகலில் ஒரு தட்டு நிறையக் கறியையும், அதன் பின்னணியில் உன் வயிற்றின் ஒரு பகுதியையும் நீயே படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாய். ஆதலால் விசாரிக்க ஒன்றுமில்லை. இங்கே நான் நலம். தோட்டக் காவல் கூத்தையாவும் நலம்; எழுபத்தைந்து வயதில் இன்னும் பனைமட்டையைத் தானே இழுத்துப் போடுகிறான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உனக்குப் பிடிக்காத வாக்கியத்தை நான் தொடங்கும்போதெல்லாம், "ராத்தா, சிக்னல் இல்ல, கேக்கல" என்கிறாய். தாளுக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. வாக்கு மாற மாட்டேன். உம்மா வழி வந்த இந்தத் தோட்டத்தில் உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்பது தெரிந்த நாள் முதல் என் முழங்கால் வலியின் மீது உனக்கு ஏற்பட்ட அக்கறை இருக்கிறதே, அதை மருத்துவர்களிடம்கூட நான் கண்டதில்லை. டிசம்பரில் சொந்தபந்தம் பதினேழு பேரை உட்காரவைத்துக்கொண்டு, "இராமேஸ்வரத்தில் இரண்டு லாட்ஜ் வைத்திருக்கும் ஆன்டனி ராஜ் வாங்கினால் கையெழுத்திடுகிறேன்" என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். கொடுத்தேன். வருகிற இருபதாம் தேதி பத்திரப்பதிவு. அதற்குப் பின் நான் சென்னைக்கு வந்து, உன் ஒன்பதாம் மாடி வீட்டில், துணி துவைக்கும் எந்திரத்துக்கு அடுத்த அறையில் மிச்ச நாட்களைக் கழிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பசுமை தெரியும் என்று சொன்னாய். விசாரித்தேன். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கும் மணிபிளான்ட் அது. முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவளுக்கு அது போதும் என்று நீ கருதியது உன் பெருந்தன்மை. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் மகள் லாமியா இங்கே நடத்திய முகாமைப் பற்றி உனக்கு வந்த செய்தி, அவள் வாயால் வந்ததாகையால் அழகாக இருந்திருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்வது என் கடமை. பொறியியல் படிக்கவைத்தாய், வங்கியில் வேலைக்குப் போனாள், முப்பத்து நான்காம் வயதில் அதை விட்டுவிட்டு, ஆட்களை வேனில் ஏற்றிப்போய் மரத்தின் முன் உட்காரவைத்து, அம்மரத்தையே வரையவைக்கும் தொழிலுக்கு வந்திருக்கிறாள். இதற்கு வகுப்பு, இதற்குச் சான்றிதழ், இதற்கு மதியச் சாப்பாடு. நம் பெருக்க மரத்தை வரையும் யோசனை உன்னுடையது என்றும் சொன்னாள். ஆன்டனி ராஜ் கட்டப்போகும் விடுதியின் வரவேற்பறையில் படங்கள் தொங்குமாம். வேனில் பதினோரு பேர் வந்தார்கள். இறங்குவதற்கு முன்பே, நான் அவித்துக் காயப் போட்டிருந்த பனங்கிழங்கின் மீது வேன் ஏறி நின்றிருந்தது. இயற்கையை நெருங்கிப் பார்க்க வந்தவர்கள், நெருக்கத்தைச் சக்கரத்திலிருந்தே தொடங்கிவிட்டார்கள்.

மரத்தைப் பார்த்ததும், "தலைகீழா நட்ட மாதிரி இருக்கே!" என்று ஒன்பது பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெருக்க மரத்தை, அதாவது பாவோபாபை, பார்த்த எவரும் உலகில் வேறெதுவும் சொன்னதில்லை. மற்ற இருவர் வேனில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு லாமியா அவ்விருவரையும் எழுப்பி இறக்கி, அனைவரையும் வட்டமாக நிறுத்தி, பென்சிலைத் தொடும் முன் மரத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்றாள். நல்லது, இலையமைப்பைச் சொல்லப்போகிறாள் என்று நானும் போய் நின்றேன். அவள் கண்ணை மூடச் சொன்னாள்.

"மாமி, நீங்களும் மூடுங்க."

"மூடினால் எப்படிப் பார்ப்பது?"

"பாக்காதீங்க மாமி. ஃபீல் பண்ணுங்க. போய்க் கட்டிப்பிடிங்க. எண்ணூறு வருஷம் நம்மளப் பாத்துக்கிட்டு நிக்கிற ஒரு உயிர்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினோரு பேரும் போய்க் கட்டிப்பிடித்தார்கள். மூன்று பேர் கைகோத்தால் சுற்றிவரும் அடிமரம். பதினோரு பேரும் இடித்துக்கொண்டு, கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் விசும்பி அழுதார். "ஏதோ ஈரமா உணருறேன் மேடம்" என்றார். அவர் உணர்ந்தது சரிதான். கறையான் ஏறுகிறதென்று முந்தின நாள்தான் கூத்தையா, மீன்பிடி வள்ளத்து மிஷினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை வாளியில் வாங்கிவந்து, ஆள் உயரத்துக்குப் பூசியிருந்தான். கண்ணைத் திறந்தபோது பதினோரு கன்னங்களும் பதினோரு வெள்ளைச் சட்டைகளும் கறுப்பு.

"ஏய்யா, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று கூத்தையாவைக் கேட்டேன்.

"சொல்லத்தாம்மா வந்தேன். நான் வாயெடுக்குறதுக்குள்ள எல்லாரும் கண்ண மூடிட்டாக. சாமி கும்புடுறவுகள எப்பிடிம்மா எழுப்புறது?"

கழுவிவிட்டு வந்து வரைய உட்கார்ந்தார்கள். பாக்கர், இது பிப்ரவரி மாதம். பெருக்க மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிறது. காம்பு நீண்ட காய்கள் சில தொங்குகின்றன. கண்ணெதிரே நிற்கும் பொருள். நான் ஒவ்வொரு நாற்காலியின் பின்னாலும் போய்ப் பார்த்தேன். ஒருவர் மா இலை வரைந்திருந்தார். ஒரு பெண், கூந்தலை விரித்துக் கண்ணீர் விடும் இன்னொரு பெண்ணை வரைந்திருந்தார். "இதுதான் இந்த மரம் எனக்கு" என்றார். காய்களை ஒருவர் மின்விளக்குகளாக்கியிருந்தார். வங்கி மேலாளர் தாளில் எதுவுமே வரையாமல் அதைச் சுற்றிக் கட்டம் மட்டும் போட்டு, "மரத்தோட மௌனம்" என்றார். இந்த மனிதர் எத்தனை பேருடைய கடன் விண்ணப்பத்தை இப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். லாமியா என் கையிலும் ஒரு தாளைத் திணித்தாள். நான் ஒரு காயை வரைந்தேன். நீளம், அகலம் குறித்து, நெடுக்குவெட்டுத் தோற்றம் போட்டு, பாகங்களைப் பெயரிட்டேன். பதினைந்து நிமிடம். அவள் எடுத்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு மாமி. ஆனா இதுல உயிர் இல்லையே."

"உயிர் மேலே தொங்குகிற காயில் இருக்கிறது. இது படம்."

இடையில் மரத்தின் வரலாறு வேண்டுமென்று கேட்டார்கள். கூத்தையா தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் இரண்டாம் முறை கேட்பதற்குள் தொடங்கினான். "எங்க அப்பத்தாவோட அப்பத்தா காலத்துல அரபு தேசத்துக் குதிரையெல்லாம் கப்பல்ல வந்து இங்கனதான் எறங்குமாம். இந்த மரத்துலதான் கட்டுவாகளாம். நான் சின்னப்புள்ளயா இருக்கப்பவும் இது இம்புட்டுத்தான் இருந்துச்சு, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. என்னம்மா, நான் சொல்லுறது?" என்று என் பக்கம் திரும்பினான். "நன்றாகச் சொல்கிறாய்" என்றேன். அவனுக்கு இருமல் வந்துவிட்டது, கிணற்றடிக்குப் போய்விட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் அசட்டுத்தனமாக நின்றிருக்கும். அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு மாரிச்செல்வி அந்த வழியே வந்தாள். பக்கத்துக் குடியிருப்பு; வேலிக்கு அந்தப்புறம் அவளுக்கு ஆறு பனை உண்டு. நாற்காலி, தொப்பி, அட்டை, அட்டையில் தாள், ஒவ்வொருவரும் ஒரு மரத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்ப்பது, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்னம்மா, மரத்த எழுதுறாகளா?"

"எழுதவில்லை. வரைகிறார்கள்."

"எதுக்கு?"

நான் தயங்கியதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். காரணம் உண்டு. சென்ற ஆண்டு சாலை அகலப்படுத்துவதற்காக வந்தவர்களும் இப்படித்தான் அட்டையும் தாளுமாக மரத்தின் முன் நின்றார்கள். தாளில் ஏறிய மரத்துக்கு இழப்பீடு வந்தது, அன்று வீட்டில் இல்லாதவர்களின் மரம் தாளிலும் இல்லாமல் போயிற்று. ஊரில் இதை யாரும் மறக்கவில்லை. மாரிச்செல்வி ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அரை மணி நேரத்தில் முப்பது பேர், பட்டா நகலும் ஆதார் அட்டையுமாக, தோட்டத்துக்குள் நின்றார்கள். கையில் அகப்பட்ட ஓவியரைத் தத்தம் மரத்தடிக்கு இழுத்துப்போனார்கள். ஒருவர் அன்று காலை மண்ணில் செருகிய முருங்கைக் கிளையைக் காட்டி, "இதுவும் மரந்தான் சார், பொறுமையா வளரும்" என்றார். இன்னொருவர் ஓவியருக்கு இளநீர் சீவிக் கொடுத்துவிட்டு, இரண்டு தென்னையை நான்காக வரையச் சொன்னார். கிராம மக்கள் மரங்களின் மீது வைத்திருக்கும் பாசத்தைக் கண்டு முகாமே நெகிழ்ந்தது. "மாமி, பாத்தீங்களா, இங்க ஒவ்வொருத்தருக்கும் மரம்னா உறவு!" என்றாள் உன் மகள். பெயரையும் சர்வே நம்பரையும் படத்தின் கீழே எழுதச் சொன்னபோதுகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அதையும் உறவில் சேர்த்துக்கொண்டாள்.

மாரிச்செல்விக்கு வாய்த்தவர் நம் மௌன மேலாளர். அவர் பனைகளை வரைந்து முடித்ததும் அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அஞ்சுதான இருக்கு. ஆறாவது எங்க?"

"அது மொட்டைப் பனைம்மா. படத்துக்கு இடைஞ்சலா இருந்துச்சு. கலைக்காக விட்டேன்."

"கலைக்கு நீங்க உங்க மரத்த விடுங்க சார். என் மரத்த எதுக்கு விடுறீக? மொட்டைன்னாலும் பனை பனைதான். போடுங்க. அந்தா அந்தப் பொந்தையும் போடுங்க, அதுல கிளி இருக்கு."

அவர் போட்டார். பொந்தைப் போட்டார், கிளியைப் போட்டார், மட்டை விழுந்த வடுக்களைக்கூட வரிசையாகப் போட்டார். அன்று அந்தப் பதினோரு பேர் வரைந்தவற்றுள் கண்ணால் பார்த்து வரைந்த படம் அது ஒன்றுதான். அவருக்கு ஊக்கம் இயற்கையிடமிருந்து வந்ததாக நான் கருதவில்லை. இடுப்பில் கைவைத்துப் பின்னால் நின்ற மாரிச்செல்வியிடமிருந்து வந்தது. இதற்குள் அவள் விட்டுவந்த ஆடுகள், நாற்காலிகளில் ஆளில்லாததைக் கண்டு, காலையில் வரைந்த படங்களில் நான்கைத் தின்றிருந்தன. ஆடுகளுக்குக் கலையறிவு உண்டென்று நான் வாதிடவில்லை. ஆனால் கண்ணீர் விட்ட பெண்ணைத்தான் முதலில் தின்றன. அரசாங்கத்தார் அல்லர் என்பது தெரிந்ததும் முப்பது பேரும் இளநீர்க் கூட்டை வேனின் மீது எறிந்துவிட்டுப் போனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன்.

இந்த நிலையில்தான் ஆன்டனி ராஜ் காரில் வந்து இறங்கினார். உன் நண்பர்களுள் நேராகப் பேசத் தெரிந்த மனிதர் இவர் ஒருவரே என்பதால் இவர் மீது எனக்கு மரியாதை உண்டு. மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார், கட்டிப்பிடிக்கவில்லை.

"இத நடுவுல வச்சிச் சுத்தி இருவத்திநாலு ரூமும்மா. ஒவ்வொரு ஜன்னலும் மரத்தப் பாத்து. 'எண்ணூறு வருஷ மரம்'னு ரோட்டுல போர்டு."

"மரம்தானே, வயது எதற்கு?"

"என்னம்மா இப்பிடிக் கேக்குறீங்க. ராமேஸ்வரத்துல பழசுதாம்மா ஓடும். புதுசு எல்லா ஊர்லயும் இருக்கு. வயசு இல்லேன்னா இது சும்மா தோப்பு, எனக்கு எதுக்கு? பரமக்குடி ரோட்டுலயே இடம் பாத்துக்கிருவேன்." சட்டைப்பையிலிருந்து நீ எழுதிக்கொடுத்த உடன்படிக்கையின் நகலை எடுத்துக் காட்டினார். "எங்கள் முன்னோரால் நடப்பட்டதும் எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்ததுமான பெருக்க மரம் உள்ளிட்ட" என்று இரண்டாம் பத்தியிலேயே இருந்தது. "பாக்கர் பாய் சொல்லிட்டார். இருந்தாலும் நீங்க பாட்டனி புரொபசர். உங்க கையால ஒரு சர்ட்டிபிகேட்டு குடுத்தீங்கன்னா பிரேம் போட்டு மாட்டிருவேன்."

"எண்ணூறில் கொஞ்சம் குறைந்தால்?"

"ஒரு அம்பது, நூறு கொறஞ்சாப் பரவால்லம்மா. நமக்குள்ள."

எழுத்தில் தருவதாகச் சொன்னேன்.

பாக்கர், அந்த எண்ணூறைப் பற்றி ஒரு வார்த்தை. 1994ஆம் ஆண்டு, கரையோரம் முழுவதும் இறால் பண்ணைப் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில், நீயும் மண்வெட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்து தோட்டத்து வாசலில் நிறுத்தினாய். முதலில் விழ வேண்டியது பெருக்க மரம். நான் வெளியே வந்து, இம்மரம் நானூறு ஆண்டுப் பழமையானது, நம் மூதாதையான குதிரை வணிகர் ஒருவர் கையால் நட்டது என்று சொன்னேன். பத்து வயதில் கொழும்புக்குக் கடைக்குப் போய், முப்பதாவது வயதில் திரும்பி வந்தவன் நீ. மூதாதை என்ற சொல்லைக் கேட்டதும் உனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்திரத்தைத் திருப்பி அனுப்பினாய். அதுவரை சரி. அதன்பின் உன் மூத்த மகன் கல்யாணத்தில் அது ஐந்நூறாயிற்று. லாமியாவின் கல்யாணத்தில், பிரியாணி சட்டியின் பக்கத்தில் நின்று அறுநூறு என்றாய். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கிணறு எழுநூறு ஆண்டுப் பழமையானது என்றதும் நம் மரம் எழுநூற்றைம்பதைத் தொட்டது. பத்திரம் எழுதும்போது முழு எண்ணாக இருக்கட்டும் என்று எண்ணூறு. ஆண்டுக்கு ஓர் ஆண்டாக வளர்வதுதான் மரங்களின் வழக்கம். உன் வாயில் அகப்பட்ட மரம் முப்பத்தோர் ஆண்டுகளில் நானூறு வயது வளர்ந்திருக்கிறது. தாவரவியலில் இதற்கு உதாரணம் இல்லை.

ஆகவே உண்மைக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி உன் மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பிறந்த வீட்டில் கற்றிருக்கிறாள். இருபதாம் தேதி காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் பேனாவுடன் இருப்பேன். நோன்பு நெருங்குகிறது, இனிப்பைக் குறை, மாத்திரையைக் குறைக்காதே. அல்லாஹ் உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக. அதை நீ கூட்டிச் சொல்லாதிருக்கும் மனத்தையும் தருவானாக. லாமியாவுக்கு என் அன்பைச் சொல். ஆயில் கறைக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துவைக்கச் சொல்.

இங்ஙனம்,
உன் ராத்தா,
நூர் நிஷா, எம்.எஸ்சி.

பின்குறிப்பு: ஆன்டனி ராஜ் கேட்ட சான்றிதழை எழுதி நேற்று பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பி, அதன் படத்தை வாட்ஸப்பிலும் போட்டுவிட்டேன். உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று அதன் வாசகத்தை இங்கே தருகிறேன்: "மேற்படி பெருக்க மரம், 12 ஜூலை 1969, சனிக்கிழமை காலை, கூத்தையா வெட்டிய குழியில் என்னால் நடப்பட்டது. இன்று அதன் வயது ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஏழு மாதங்கள், மூன்று நாட்கள்." சாட்சியாகக் கூத்தையா கையெழுத்துப் போட்டிருக்கிறான். பி.எஸ்சி. இறுதியாண்டில் விதை முளைப்புச் சோதனை. ஐந்து விதைகளைக் கொதிநீரில் ஊறப்போட்டதில் ஒன்று முளைத்தது. ரெக்கார்ட் நோட்டில் பத்துக்கு ஏழு மதிப்பெண். பால்மாவுத் தகரத்தில் இருந்த கன்றைக் கல்லூரி விடுதியில் வைக்கக் கூடாது என்றார்கள், இங்கே கொண்டுவந்தேன். இயற்கையிடம் ஊக்கம் பெற்று நட்டதாக லாமியா கதை கட்டினால் மறுத்துவிடு. 1972இல் எடுத்த புகைப்படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்: மரம் என் தோள் உயரம் இருக்கிறது, உம்மா அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார். பெருக்க மரம் இளம் வயதிலேயே அடி பெருத்துவிடும். நீயும் அப்படியே ஆனவன் என்பதால் 1994இல் உனக்குச் சந்தேகம் எழவில்லை. அன்று அதற்கு வயது இருபத்தைந்து. உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று இங்கே உப்பேறிய குழிதான் இருக்கும்.

நான் வாக்கு மாறியதாக அந்தப் பதினேழு பேரிடம் சொல்லாதே. ஆன்டனி ராஜ் வாங்கினால் கையெழுத்திடுகிறேன் என்றேன். இருபதாம் தேதி வருகிறேன். அவர் வருவாரா என்று அவரைக் கேட்டுக்கொள். காலையில் அவர் போன் பேசினார். எனக்குத்தான் சிக்னல் இல்லை. பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பழையபடி அலமாரியில் அடுக்கியாயிற்று. பழிச்சொல்லை முழுதாக என் தலையில் கட்டலாம் என்று எண்ணாதே. முதல் நானூறு என் பொய், மேற்கொண்ட நானூறு உன்னுடையது. தோட்டத்தில் உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று. இதில் மட்டும் நமக்குச் சரி பாதி.